எழுத்தின் நிறத்தையும் பின்னணியின் நிறத்தையும் மாற்றும் மென்பொருளுக்குக் காப்புரிமை கிடைக்குமா?

சித்திரை மாதத்து நண்பகல் ஒன்றில், மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தின் வெயில் விழும் ஓரத்தில் நின்றுகொண்டு, என் தந்தையார் தம் கைப்பேசிக்கு வந்திருந்த பயணச்சீட்டு விவரத்தைப் படிக்க முயன்றார். வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் நிறத்தில் இருந்த இருக்கை எண் அவர் கண்ணுக்குப் பிடிபடவில்லை. கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்த காலம் அது. திரையைக் கையால் மறைத்துப் பார்த்தவர், கடைசியில் "நீயே பார்த்துச் சொல்லுப்பா" என்று என்னிடம் நீட்டிவிட்டார்.

இந்த நிகழ்ச்சியை வீட்டில் கேட்டறிந்த என் அக்காள் மகன், பொறியியல் இறுதியாண்டு மாணவன், திரையின் எழுத்து நிறத்தையும் பின்னணி நிறத்தையும் சூழலுக்கேற்ப மாற்றும் மென்பொருள் ஒன்றைத் தன் செயல்திட்டமாகவே எழுதிக்கொண்டு வந்தான். அவனுடைய கேள்வி ஒன்றுதான்: "மாமா, இதுக்குப் பேட்டன்ட் எடுக்கலாமா?" மென்பொருளுக்கு இந்தியாவில் பேட்டன்டே கிடையாது என்று ஒருவரும், எழுதுகிற விதத்தில் எழுதினால் கிடைத்துவிடும் என்று இன்னொருவரும் அவனிடம் சொல்லியிருந்தார்கள். இரண்டு விடைகளும் பாதியில் நிற்பவை. தொழில்முறையில் பல ஆண்டுகள் மென்பொருள் எழுதியும், காப்புரிமை விண்ணப்பங்களுக்கான தொழில்நுட்பக் குறிப்புகளைத் தயாரித்தும் வருபவன் என்ற முறையில், அவனுக்கு விளக்கியதை இங்கே சற்று ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். தமிழில் பேட்டன்ட், காப்பிரைட் ஆகிய இரண்டையுமே 'காப்புரிமை' என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. அதனால் பலர் ஒன்றைப் பற்றிப் படித்து மற்றொன்றைப் பற்றி முடிவெடுத்துவிடுகிறார்கள். இக்கட்டுரையில் பேட்டன்டைக் காப்புரிமை என்றும், காப்பிரைட்டைப் பதிப்புரிமை என்றும் குறிப்பிடுகிறேன். நீங்கள் எழுதிய நிரல்வரிகளைப் பிறர் அப்படியே படியெடுப்பதைப் பதிப்புரிமை தடுக்கும்; 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பின் வரிசையில் வைத்துக் காக்கிறது. காப்புரிமையோ நிரல்வரிகளைப் பற்றியதன்று. அந்த நிரல் ஒரு சிக்கலை எந்த வழியில் தீர்க்கிறதோ அந்த வழியையே, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு, பிறர் உங்கள் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்று விலக்கும் உரிமை அது. இத்தனை வலிமையான உரிமை என்பதால்தான் அதைக் கொடுப்பதற்கு முன் சட்டம் பல கேள்விகளைக் கேட்கிறது.

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970-ஆம் ஆண்டினது. புதியதாக இருத்தல், துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாததாக இருத்தல், தொழிலில் பயன்படத்தக்கதாக இருத்தல் ஆகியவை கண்டுபிடிப்புக்கு அது வைக்கும் அளவுகோல்கள். ஆனால் இவற்றையெல்லாம் பார்ப்பதற்கு முன்பே, 'இவை கண்டுபிடிப்புகளே அல்ல' என்று சிலவற்றைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு ஒதுக்கிவைக்கிறது. நம் மென்பொருளுக்கு எதிரே வந்து நிற்கக்கூடிய உட்பிரிவுகள் அதில் மூன்று. கணித முறை, வணிக முறை, 'தன்னளவிலான' கணினி நிரல், படிமுறை (அல்காரிதம்) ஆகியவற்றை 3(கே) ஒதுக்குகிறது. அழகியல் படைப்புகளை 3(எல்) ஒதுக்குகிறது. தகவலை எடுத்துக்காட்டும் முறையை 3(என்) ஒதுக்குகிறது. நிறம் மாற்றும் மென்பொருளைக் கண்ட தேர்வாளருக்கு, அதாவது விண்ணப்பத்தை ஆராயும் காப்புரிமை அலுவலருக்கு, மூன்றுமே உடனே நினைவுக்கு வரும்: நிரலாக இருக்கிறது, நிறத் தேர்வு அழகு சார்ந்தது, செய்வதோ தகவலைக் காட்டும் வேலை.

'தன்னளவிலான' என்ற அந்த ஒரு சொல்லில்தான் முழு வழக்கும் அடங்கியிருக்கிறது. 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் 3(கே) இன்றைய வடிவத்தைப் பெற்று, 2003 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. கணினி நிரலோடு சேர்ந்தோ, அதன் மேல் கட்டப்பட்டோ வேறு சில அம்சங்கள் இருக்கக்கூடும், அவை கண்டுபிடிப்பாக இருந்தால் அவற்றை மறுப்பது நோக்கமன்று என்பதற்காகவே அச்சொல் சேர்க்கப்பட்டதாக, அத்திருத்தத்தை ஆராய்ந்த நாடாளுமன்றக் கூட்டுக் குழு தன் அறிக்கையில் விளக்கியது. 2004 டிசம்பரில் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம் இந்த விலக்கைத் தளர்த்தி, தொழிலில் நுட்பப் பயன்பாடு உள்ள நிரல்களுக்கும், வன்பொருளோடு இணைந்த நிரல்களுக்கும் வழிவிட முயன்றது. ஆனால் 2005-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டத்தில் அந்தத் தளர்வு இடம்பெறவில்லை. ஆகவே பழைய வாசகமே நின்றது. காப்புரிமை அலுவலகம் வெளியிட்ட 2016-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறை, நிரலோடு புதிய வன்பொருளும் இருக்க வேண்டும் என்று கேட்டது. 2017-ஆம் ஆண்டு நெறிமுறை அந்த நிபந்தனையை நீக்கியது.

பிறகு வந்ததுதான் ஃபெரித் அல்லானி வழக்கு. இணையத்தில் உள்ள தகவல்களை அணுகுவதற்கான ஒரு முறைக்குக் கேட்கப்பட்ட காப்புரிமை நெடுங்காலம் மறுக்கப்பட்டு வந்த நிலையில், 2019 டிசம்பர் 12 அன்று தில்லி உயர் நீதிமன்றம், விண்ணப்பத்தை மறுபடியும் ஆராயும்படி உத்தரவிட்டது. நிரலை அடிப்படையாகக் கொண்ட கண்டுபிடிப்பு 'தொழில்நுட்ப விளைவு' ஒன்றையோ 'தொழில்நுட்பப் பங்களிப்பு' ஒன்றையோ காட்டுமானால், அது நிரலாக இருக்கிறது என்பதற்காக மட்டும் தள்ளப்படக் கூடாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். தொழில்நுட்ப விளைவுக்கு 2013-ஆம் ஆண்டு வரைவு நெறிமுறை தந்த எடுத்துக்காட்டுகளையும் நீதிமன்றம் சுட்டியது: கூடுதல் வேகம், நினைவகச் சிக்கனம், சிறந்த தரவுச் சுருக்கம் போன்றவற்றோடு 'மேம்பட்ட பயனர் இடைமுகம்' என்பதும் அதில் இருக்கிறது. இதைப் படித்ததும் என் மருமகனுக்கு முகம் மலர்ந்தது. நிறம் மாற்றுவது இடைமுகத்தை மேம்படுத்துவதுதானே என்றான். அவ்வளவு விரைவில் மகிழ்ந்துவிடக் கூடாது. மேம்பாடு எந்த வழியில் வந்தது என்பதைத்தான் தேர்வாளர் பார்ப்பார்.

இதை விளக்க நம் ஊர்ச் சுங்குடிச் சேலையை எடுத்துக்கொள்ளலாம். துணியில் சிறு சிறு முடிச்சுகளை நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்கினால், முடிச்சுக்குள் சாயம் ஏறாது. அவிழ்த்தால் அரக்கு நிறத்தின் நடுவே வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அரக்கா, மயில்நீலமா, கத்தரிப்பூ நிறமா என்பது உடுத்துபவரின் விருப்பம். முடிச்சு சாயத்தைத் தடுப்பது நுட்பம். சுங்குடி பல தலைமுறைகளாக இருந்துவருவதால் அதற்கு இன்று யாரும் காப்புரிமை கேட்க முடியாது. ஆனால் அந்த முடிச்சு முறையை இன்றுதான் ஒருவர் முதன்முதலாகக் கண்டுபிடித்தார் என்று வைத்துக்கொண்டால், அவர் கேட்க வேண்டியது முடிச்சுக்கே அன்றி அரக்கு நிறத்துக்கு அன்று. மென்பொருளிலும் அப்படியே. 'எச்சரிக்கை என்றால் சிவப்பு, சரி என்றால் பச்சை' என்று நிறத்துக்குப் பொருள் கொடுப்பது தகவலைக் காட்டும் முறை. 'கண்ணுக்கு இதமான இளநீலப் பின்னணி' என்பது அழகியல். இவற்றில் முடிச்சு எதுவும் இல்லை.

மருமகனின் மென்பொருளில் முடிச்சு இருந்ததா? அதன் முதல் வடிவம் செய்தது இது: பின்னணி நிறத்தைப் படித்து, அதற்கு மேல் வரும் எழுத்தின் மாறுபாட்டு (கான்ட்ராஸ்ட்) விகிதத்தைக் கணக்கிட்டு, விகிதம் குறைவாக இருந்தால் எழுத்தைக் கருமையாக்கியது. இந்த விகிதக் கணக்கு, இணையத்துக்கான தரநிலைகளை வகுக்கும் வேர்ல்டு வைடு வெப் கன்சார்டியம் 2008-இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது. இரண்டு நிறங்களின் ஒளிர்வை 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண்ணாக்கி, ஒவ்வொன்றோடும் 0.05-ஐக் கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும். ஒளிர்வைக் கணக்கிடும்போது பச்சைக்கு 0.7152, சிவப்புக்கு 0.2126, நீலத்துக்கு 0.0722 என்று எடை தரப்படுகிறது, ஏனெனில் நம் கண் பச்சையைத்தான் மிகுந்த பிரகாசமாக உணர்கிறது. கருப்பின் மேல் வெள்ளைக்கு விகிதம் 21. வெள்ளையின் மேல் முழுச் சிவப்புக்கு ஏறத்தாழ 4. வெள்ளையின் மேல் முழு மஞ்சளுக்கு வெறும் 1.07, அதனால்தான் வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து கண்ணில் படுவதில்லை. என் தந்தையார் படிக்க முடியாமல் தவித்த அந்த வெளிர்சாம்பல் எழுத்தைப் பின்னர் அளந்து பார்த்தேன்: 2.3. சாதாரண அளவுள்ள எழுத்துக்கு அந்நெறிகள் கேட்கும் குறைந்த அளவு 4.5.

இந்தச் சூத்திரத்தை நிரலாக்கியதற்குக் காப்புரிமை கேட்டால் இரண்டு இடங்களில் அடிபடும். சூத்திரம் கணித முறை. அதைக் கணினியில் ஓட்டுவது தன்னளவிலான நிரல். அதைக் கடந்தாலும், 2008-இலிருந்து உலகமே பார்க்கக் கிடக்கும் ஒன்றைப் பயன்படுத்துவதில் புதுமை எங்கே என்ற கேள்வி நிற்கும். இது கிடைக்காமல் இருப்பதுதான் நியாயம் என்றும் நான் கருதுகிறேன். படிக்கத் தெரிகிற எழுத்தை எழுதுவதற்கான அடிப்படைக் கணக்கு ஒருவருடைய வேலிக்குள் போய்விட்டால், கண்பார்வை குறைந்தவர்களுக்காகச் செயலி எழுதும் ஒவ்வொருவரும் அந்த வேலிக்காரரிடம் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

ஆனால் மாட்டுத்தாவணி வெயிலில் நடந்தது அந்தச் சூத்திரத்துக்குள் அடங்காத வேறொன்று. திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு நிட். திரையின் வெண்மை 500 நிட், கருமை 1 நிட் என்று வைத்துக்கொள்வோம். இருட்டறையில் இரண்டுக்கும் உள்ள விகிதம் 500. வெயிலில் திரைக் கண்ணாடி எதிரொளிக்கும் ஒளி 500 நிட் என்றால், அது வெண்மையோடும் சேரும், கருமையோடும் சேரும். 1000-க்கு 501, அதாவது ஏறத்தாழ 2. கோப்பில் எழுதியுள்ள நிறங்கள் மாறவேயில்லை, கண்ணுக்கு வந்து சேரும் விகிதம் சரிந்துவிட்டது. சாம்பல் எழுத்துக்கு இதைவிடவும் மோசம். கண்புரை உள்ளவருக்கு இதன் மேல் இன்னொரு சுமை: மங்கிய விழிவில்லை உள்ளே வரும் ஒளியைச் சிதறடிப்பதால், பளீரென்ற வெள்ளைப் பின்னணியின் ஒளி எழுத்தின் மேலும் பரவிவிடுகிறது. அப்படிப்பட்டவர்களில் பலருக்கு வீட்டுக்குள் கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துத்தான் எளிதாக இருக்கிறது. அதே கருப்புப் பின்னணி வெயிலில் கண்ணாடியாக மாறி, பார்ப்பவரின் முகத்தையே காட்டும். அவனுடைய மென்பொருளின் இரண்டாம் வடிவம் இந்த முரண்பாட்டைக் கையாள முயன்றது. கைப்பேசியின் ஒளி உணரி தரும் அளவிலிருந்து எதிரொளிப்பை மதிப்பிட்டு, கோப்பில் உள்ள நிறத்துக்குப் பதிலாகக் கண்ணை அடையும் நிறத்தைக் கணக்கில் எடுத்து, எழுத்துப் பகுதிக்கு மட்டும் திரையின் ஒளியோட்டத்தை மாற்றியது. இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

காப்புரிமை விண்ணப்பத்தில் நீளமான விவரக்குறிப்புக்குப் பிறகு, எண்ணிட்ட 'கோரிக்கைகள்' வரும். ஆங்கிலச் சொல்லையே எடுத்துக் கிளெய்ம் என்பார்கள். உரிமையின் எல்லைக்கல் அவைதாம். அவன் முதலில் எழுதிக்கொண்டு வந்த கோரிக்கை இப்படி இருந்தது: "பயனரின் வசதிக்கேற்ப எழுத்தின் நிறத்தையும் பின்னணியின் நிறத்தையும் தானாக மாற்றி, படிப்பதை எளிதாக்கும் மென்பொருள்." இதில் விருப்பம் மட்டுமே இருக்கிறது, வழி இல்லை. நாங்கள் திருத்தி எழுதியது இது: "ஒளி உணரியிலிருந்து சுற்றுப்புற ஒளியளவைப் பெறுதல், திரைப் பரப்பின் எதிரொளிப்புத் திறனைக் கொண்டு, எழுத்துப் புள்ளிகளிலும் அவற்றை ஒட்டிய பின்னணிப் புள்ளிகளிலும் கூடும் ஒளியை மதிப்பிடுதல், அம்மதிப்பு சேர்ந்த பின் கிடைக்கும் மாறுபாடு குறித்த அளவுக்குக் கீழ் விழும்போது, திரை முழுவதன் ஒளியைக் கூட்டாமல், அப்புள்ளிகளை இயக்கும் மின்னளவை மட்டும் மாற்றுதல் ஆகிய படிகளைக் கொண்ட, காட்சித் திரையை இயக்கும் முறை." இரண்டாவதில் உள்ளே வருவது ஓர் அளவீடு, வெளியே போவது திரையின் இயக்கத்தில் ஒரு மாற்றம், இடையில் மின்கலச் செலவு குறைவது என்ற அளந்து காட்டத்தக்க விளைவும் இருக்கிறது. ஓ.எல்.இ.டி. திரைகளில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதாலும், கருப்புப் புள்ளி அணைந்த புள்ளியே என்பதாலும், பின்னணி நிறத்தை மாற்றுவது உண்மையிலேயே மின்சாரத்தைத் தொடுகிற செயல்.

சொற்களை மாற்றினால் போதும் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் வடிவத்தையே வைத்துக்கொண்டு, 'செயலியும் நினைவகமும் கொண்ட கருவி' என்று முன்னால் ஒட்டிவிட்டால் தேர்வாளர் அதை உரித்துப் பார்த்துவிடுவார். வடிவத்தை விட்டு உள்ளடக்கத்தைப் பார்க்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறிமுறைகளில் திரும்பத் திரும்ப வரும் அறிவுரை. எழுதுகிற விதத்தில் எழுதினால் கிடைத்துவிடும் என்று அவனிடம் சொன்னவரின் கூற்றில் இல்லாத பாதி இதுதான்.

நிறத்துக்கும் நுட்பத்துக்கும் உள்ள உறவைக் காட்டும் பழைய எடுத்துக்காட்டு ஒன்று, கணினி வரைகலையின் தொடக்க நாட்களில் இருக்கிறது. திரையில் எந்த நிறத்தின் மேல் போனாலும் சுட்டுக்குறி (கர்சர்) மறையாமல் தெரிய வேண்டும். அதற்கான வழி: சுட்டுக்குறி விழும் இடத்தில் உள்ள புள்ளிகளின் பிட்டுகளைப் புரட்டிவிடுவது, அதாவது 0-வை 1 ஆக்கி 1-ஐ 0 ஆக்குவது. இச்செயலை எக்ஸ்-ஆர் என்பார்கள். வெள்ளையின் மேல் கருப்பாகவும், கருப்பின் மேல் வெள்ளையாகவும் குறி தெரியும். இதைவிடச் சிறப்பு, மறுமுறை புரட்டினால் அடியில் இருந்த படம் அப்படியே திரும்பிவிடும். அடியில் இருந்ததைத் தனியே சேமித்து வைக்க நினைவகம் தேவையில்லை. நினைவகம் தங்க விலை விற்ற காலத்தில் அது பெரிய விளைவு. இம்முறையை உள்ளடக்கிய அமெரிக்கக் காப்புரிமை 41,97,590 என்ற எண்ணில் 1980-இல் வழங்கப்பட்டு, பின்னர் கேட்டிராக் என்ற நிறுவனத்தின் கையில் இருந்தது. பல கணினி நிறுவனங்கள் அதற்கு உரிமத்தொகை செலுத்தின. ஒரே ஒரு தருக்கச் செயலுக்கா இவ்வளவு என்று மென்பொருள் எழுதுபவர்கள் பலர் மனம் கசந்தார்கள், அந்தக் கசப்பில் எனக்கும் உடன்பாடு உண்டு. அம்முறைக்கு ஒரு குறையும் இருந்தது. 0 முதல் 255 வரையிலான அளவில் 128 என்ற நடுச்சாம்பலைப் புரட்டினால் 127 வரும். சாம்பலின் மேல் சாம்பலாகக் குறி காணாமல் போய்விடும். முந்தைய வழி தோற்கும் இப்படிப்பட்ட இடங்களைத் தேடிப் பிடிப்பதுதான் அடுத்த கண்டுபிடிப்பாளரின் வேலை.

அடுத்த தடை 'கண்டுபிடிப்புப் படி', அதாவது துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாததாக இருத்தல் என்று முன்பு சொன்ன அளவுகோல். விலக்குப் பட்டியலைத் தாண்டிவிட்டாலே உரிமை வந்துவிடாது. ஒளி உணரியைக் கொண்டு திரையின் மொத்தப் பிரகாசத்தைக் கூட்டிக் குறைப்பது எல்லாக் கைப்பேசியிலும் இருக்கிறது. இரவில் கருமைப் பயன்முறைக்கு மாறுவதும் இருக்கிறது. இவ்விரண்டையும் அறிந்த ஒரு பொறியாளர், அலுவலக நேரத்தில் யோசித்தே மருமகனின் முறைக்கு வந்துவிடுவாரா என்பதே கேள்வி. அதற்கு விடை தேட, உள்நாட்டு, வெளிநாட்டுக் காப்புரிமை ஆவணங்களைத் துழாவ வேண்டும். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தேடுதளமும், கூகுள் பேட்டன்ட்ஸ் தளமும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நான்கு மாலைப் பொழுதுகளை அதில் செலவிட்டோம். திரை தொடர்பாக ஏராளமான ஆவணங்கள் வந்து விழுந்தன. அவற்றைப் படித்த பின் அவனுடைய கோரிக்கைகளில் பாதியை அவனே அடித்துவிட்டான். எஞ்சியது, எழுத்துப் புள்ளிகளுக்கு மட்டும் எதிரொளிப்பைத் தனியே மதிப்பிடும் பகுதி.

வெளிநாடுகளில் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐரோப்பியக் காப்புரிமை ஒப்பந்தமும் நிரலையும் தகவலைக் காட்டுவதையும் 'அந்த அளவில்' ஒதுக்குகிறது. தொழில்நுட்பச் சிக்கலுக்கான தீர்வை மட்டும் எடைபோடுகிறது. அமெரிக்காவில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2014-இல் வழங்கிய ஆலிஸ் தீர்ப்புக்குப் பிறகு, அருவக் கருத்து ஒன்றைக் கணினியில் செய்வதாகச் சொல்வது போதாது என்றாகிவிட்டது. எங்கே போனாலும் கேள்வி ஏறக்குறைய ஒன்றே, வாசகம்தான் வேறு.

நடைமுறையில் மாணவர்கள் தவறிவிடும் இடம் ஒன்று உண்டு, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முன் செயலியைப் பிளே ஸ்டோரில் ஏற்றினாலோ, முறையை விளக்கி யூடியூபில் காணொளி போட்டாலோ, புதுமை போய்விடும். போட்டது நீங்களே என்பது உங்களைக் காப்பாற்றாது. அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி, கற்றறிந்தோர் அவையில் படித்த கட்டுரை போன்ற சில வெளியீடுகளுக்கு மட்டும் சட்டம் 12 மாத அவகாசம் தருகிறது. கல்லூரி ஆண்டு விழாவில் வைக்கும் செயல்திட்டக் காட்சி அதில் சேரும் என்று நம்பிவிடக் கூடாது. முழு விவரக்குறிப்பு தயாராகவில்லை என்றால் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல்செய்து நாளைப் பிடித்துக்கொண்டு, 12 மாதங்களுக்குள் முழுவதையும் தரலாம். தமிழ்நாட்டுக்கு உரியது சென்னை கிண்டியில் உள்ள அலுவலகம். மதுரையிலிருந்தே இணையவழியில் தாக்கல் செய்யலாம். தனிநபருக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், ஆய்வைக் கோரும் கட்டணம் 4,000 ரூபாய். ஆய்வுக்குத் தனியே கோரிக்கை வைத்தால்தான் ஆராய்வார்கள். 2024-ஆம் ஆண்டு விதித்திருத்தத்துக்குப் பின் அதற்கான கெடு 48 மாதங்களிலிருந்து 31 மாதங்களாகச் சுருங்கிவிட்டது. விண்ணப்பம் இயல்பாக 18 மாதங்கள் கழித்து வெளியிடப்படும். முறையை முழுமையாகவும், தெரிந்தவற்றுள் சிறந்த வழியைச் சேர்த்தும் எழுதிக் கொடுக்க வேண்டும். மறைத்து வைத்துக்கொண்டு உரிமையும் கேட்க முடியாது.

விகிதச் சூத்திரத்தைக் கொண்டு எழுத்தைக் கருமையாக்கும் முதல் வடிவத்தை என்ன செய்வது என்று கேட்டான். நிரல்வரிகளுக்குப் பதிப்புரிமை அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. தாக்கலுக்குப் பிறகு அதைத் திறந்த மூல உரிமத்தில் வெளியிடச் சொன்னேன். யார் வேண்டுமானாலும் எடுத்து, தம் செயலியில் சாம்பல் எழுத்துகளைத் திருத்திக்கொள்ளட்டும். இரண்டாம் வடிவத்துக்கு வேண்டியது ஆதாரம். 'படிக்க எளிது' என்று எழுதினால் யாரும் ஏற்கமாட்டார்கள். எத்தனை லக்ஸ் வெளிச்சத்தில், எந்த நிறங்களுக்கு, கண்ணை அடைந்த விகிதம் முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு, மின்செலவு எவ்வளவு குறைந்தது என்ற அட்டவணை வேண்டும். கடந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக அவன் காலை 9 மணிக்கும் நண்பகல் 12 மணிக்கும் மாலை 4 மணிக்கும், இரவல் வாங்கிய ஒளிமானியையும் இரண்டு கைப்பேசிகளையும் எடுத்துக்கொண்டு மாட்டுத்தாவணிக்குப் போய் வருகிறான். அறுவைச் சிகிச்சை முடிந்து ஒரு கண் தெளிந்துவிட்ட என் தந்தையார், தெளியாத மற்றொரு கண்ணால் திரையைப் பார்த்து எண்களைப் படித்துச் சொல்வதற்காக அவனோடு போகிறார்.